ஆசிரியர்களுக்கும் வகுப்பு! கடலுக்கு அடியில் வருகிறது பாடம்

போர்ட் பிளேர் நகரை அடுத்து இருக்கிறது புரோத்ராபூர். (2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு "ஸ்ரீ விஜயபுரம்" என்று மத்திய அரசு பெயர் சூட்டியது.) புரோத்ராபூர் என்றதும் அந்தமானில் இருப்பவர்களுக்கு ஜெயில்தான் ஞாபகத்துக்கு வரும். மாவட்டச் சிறைச்சாலை அந்த ஊரில் இருக்கிறது.

அதன் பக்கத்து ஊரான கராச்சர்மாவில் வேறொரு அரசு நிறுவனம் உண்டு. அதைப் பற்றிக் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் என்பது அதன் பெயர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் இடம் அது.

அந்த வேலையில் ஒரு பெரிய பங்கு இப்போது செல்போனுக்குள் போய்விட்டது. பயிற்சிக்காக ஆசிரியர் கப்பல் ஏற வேண்டாம். பஸ் பிடிக்க வேண்டாம். பாடம் அவரைத் தேடி வருகிறது. கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிள் வழியாக வருகிறது.

இதனால் யாருக்கு லாபம்? கூலி வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் கடல் கடந்து வந்த தமிழர்களின் பிள்ளைகளுக்கு இதில் என்ன கிடைக்கும்? கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

ஆசிரியருக்கு எதற்குப் பயிற்சி?

"வாத்தியார்தான் படித்து முடித்துவிட்டு வந்தவர் ஆயிற்றே! அவருக்கு மறுபடியும் எதற்குப் படிப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தாக்களைக் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்கும். அவர்கள் வேலையில் சேர்ந்தபோது மேஜையில் இருந்தது டைப்ரைட்டர். ஓய்வு பெறும்போது இருந்தது கம்ப்யூட்டர். நடுவில் கற்றுக் கொண்டவர்கள் தலை நிமிர்ந்து இருந்தார்கள். கற்றுக் கொள்ளாதவர்கள், நேற்று வேலைக்கு வந்த பையனிடம் ஒவ்வொன்றுக்கும் போய் நின்றார்கள்.

ஆசிரியர் வேலையும் அப்படித்தான். ஒருவர் முப்பது வருஷம் பாடம் நடத்துகிறார். அதற்குள் பாடத்திட்டம் பல தடவை மாறுகிறது. கேள்வித்தாள் மாறுகிறது. வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் வீட்டு நிலைமை மாறுகிறது. வேலைக்கு வந்த நாளில் கற்ற முறையையே கடைசி வரை வைத்துக் கொண்டால் நஷ்டம் அவருக்கு அல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத்தான்.

ஐந்து மொழிப் பள்ளிகள்

அந்தமானில் இந்தக் கஷ்டம் இன்னும் அதிகம். ஏனென்றால் இங்கே பள்ளிக்கூடங்கள் ஒரே மொழியில் நடப்பதில்லை. இந்தி, ஆங்கிலம், வங்காளம், தமிழ், தெலுங்கு என்று ஐந்து மொழிகளில் பாடம் நடக்கிறது. பாடத்திட்டம் மட்டும் மத்திய கல்வி வாரியத்தின் திட்டம், அதாவது சி.பி.எஸ்.இ.

2011 மக்கள் தொகைக் கணக்குப்படி அந்தமான்-நிக்கோபார் தீவுகளில் வசிப்பவர்கள் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். இவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர் தமிழைத் தாய்மொழி என்று எழுதிக் கொடுத்தார்கள். துறைமுகத்தில், கட்டட வேலையில், கடைத் தெருவில், அரசு ஆபீசில் என்று இவர்கள் இல்லாத இடம் இல்லை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களும் இவர்களில் சேர்த்தி.

தமிழ் வழியில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஒரே இடத்தில் இல்லை. தீவுக்குத் தீவு சிதறிக் கிடக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்குத் தமிழில் கணக்கு சொல்லித் தரும் ஒருவருக்கு, தன் சந்தேகத்தைக் கேட்க அதே வேலை செய்யும் இன்னொருவர் பக்கத்தில் இருக்க மாட்டார். சென்னையிலோ மதுரையிலோ இந்தத் தனிமை கிடையாது.

கப்பல் ஏறி வந்த பயிற்சி

கேபிள் வருவதற்கு முன்னால் பயிற்சி என்றால் ஆசிரியர்களை ஓரிடத்துக்கு வரவழைப்பது என்றே அர்த்தம். திக்லிப்பூரில் இருப்பவர் நாள் முழுக்க டிரங்க் ரோட்டில் வர வேண்டும். ஜாரவா பழங்குடியினரின் காட்டுப் பகுதி வழியே செல்லும் அந்த ரோட்டில், குறிப்பிட்ட நேரத்தில் வரிசையாகத்தான் வண்டிகளை விடுவார்கள். கேம்பல் பே, கச்சால் பக்கம் இருப்பவர்கள் கப்பலை நம்பியவர்கள். கடல் கொந்தளித்தால் கப்பல் கிடையாது.

பயிற்சி ஐந்து நாள் என்றால், போக வர இன்னும் பல நாள் கழியும். அத்தனை நாளும் அங்கே வகுப்பு கிடையாது. இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளிக்கூடத்தில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் பாதிப் பள்ளி மூடிய மாதிரிதான்.

இன்னொரு குறையும் இருந்தது. டெல்லியில் சில பேருக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அவர்கள் வந்து மாநிலத்தில் சில பேருக்குச் சொல்வார்கள். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். மூன்று கை மாறிய செய்தி எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே காய்ச்சிய பால் கீழே வந்து சேரும்போது தண்ணீர்தான் மிச்சம்.

மூன்று மாதத்தில் மூன்று மாற்றங்கள்

2020ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. அந்த நேரத்தில்தான் அடுத்தடுத்து மூன்று காரியங்கள் நடந்தன.

முதலாவது, ஜூலை 29ந் தேதி புதிய தேசியக் கல்விக் கொள்கைக்கு மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்தது. ஒவ்வொரு ஆசிரியரும் வருஷத்துக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில் பயிற்சி பெற வேண்டும் என்று அந்தக் கொள்கை கூறுகிறது.

இரண்டாவது, ஆகஸ்டு 10ந் தேதி சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே போடப்பட்ட கடலடி கேபிளைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். நீளம் சுமார் 2,300 கிலோ மீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வரும் கண்ணாடி இழை கேபிள், அங்கிருந்து ஹேவ்லாக் என்ற ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை போகிறது. அதுவரை தீவுகள் வெளியுலகத்தோடு பேசியது செயற்கைக்கோள் வழியாகத்தான். ஒரு சின்ன வீடியோ படம் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும்.

மூன்றாவது, அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் "நிஷ்தா" ஆசிரியர் பயிற்சி ஆன்லைனுக்கு மாறியது. ஆரம்பப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களுமாக 42 லட்சம் பேருக்குப் பயிற்சி கொடுப்பதற்காக 2019 ஆகஸ்டு 21ந் தேதி தொடங்கிய திட்டம் அது. முதலில் நேரில்தான் நடந்தது. கொரோனா வந்து கூட்டம் கூட முடியாமல் போனதால், மீதிப் பேருக்கு "தீக்ஷா" என்ற ஆன்லைன் தளம் மூலம் 18 பாடத் தொகுதிகள் அனுப்பப்பட்டன.

கேபிள் அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே வந்து சேர்ந்தது அந்தமானுக்கு அடித்த அதிர்ஷ்டம். பயிற்சி ஆன்லைனில் வந்தும் பார்க்க வழியில்லாமல் தீவு ஆசிரியர்கள் தவித்திருக்க வேண்டியது. அந்தக் கஷ்டம் பெருமளவு நீங்கியது. ஆனால் கேபிள் கரை ஏறாத சிறு தீவுகளிலும், டவருக்கு எட்டாத காட்டோரத்துக் கிராமங்களிலும் இருப்பவர்களுக்குத் தொல்லை முழுவதும் தீர்ந்தது என்று சொல்ல முடியாது.

அது என்ன எல்.எம்.எஸ்.?

"தீக்ஷா" போன்ற தளங்களை "லேர்னிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம்" என்கிறார்கள். சுருக்கமாக எல்.எம்.எஸ். தமிழில் கற்றல் மேலாண்மை அமைப்பு. பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் சுலபம்.

வெளி மாநிலத் தமிழர்களில் அஞ்சல் வழியில் பி.ஏ. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். மதுரைப் பல்கலைக்கழகம் 1971லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979லும் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கின. தபால்காரர் புத்தகக் கட்டைக் கொண்டு வந்து கொடுப்பார். அதைப் பிரித்துப் படித்தோமா, பரண் மேல் போட்டோமா என்பது பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது. பரீட்சை அன்றைக்குத்தான் வண்டவாளம் வெளியே வரும்.

எல்.எம்.எஸ். அதே புத்தகக் கட்டுதான். ஆனால் இந்தக் கட்டுக்குக் கண் உண்டு. யார் பிரித்தார், எந்தத் தேதியில் பிரித்தார், எந்தப் பாடம் வரை வந்தார், கேள்விக்கு என்ன பதில் சொன்னார் என்று எல்லாவற்றையும் குறித்து வைத்துக் கொள்ளும். பாடம், வீடியோ, பரீட்சை, வருகைப் பதிவேடு, சர்டிபிகேட் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஆபீஸ் பாஷையில் சொன்னால் பாடப் புத்தகமும் சர்வீஸ் ரிஜிஸ்டரும் ஒன்றாகத் தைக்கப்பட்ட மாதிரி.

ஆசிரியர் தன் செல்போனில் நுழைந்து ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுக்கிறார். பார்க்கிறார், படிக்கிறார், இடையிடையே வரும் பயிற்சிகளைச் செய்கிறார். கடைசியில் பரீட்சை. "நிஷ்தா"வில் 70 சதவீத மார்க் வாங்கினால் சர்டிபிகேட். தவறினால் மொத்தம் மூன்று முறை முயற்சி செய்யலாம். பாடங்களை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக் கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கலாம். தீவில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

2017 செப்டம்பர் 5ந் தேதி, ஆசிரியர் தினத்தன்று, "தீக்ஷா" தொடங்கப்பட்டது. இதன் அடியில் ஓடும் மென்பொருளின் பெயர் "சன்பேர்டு", அதாவது நம் ஊர் தேன்சிட்டு. பெங்களூரைச் சேர்ந்த "ஏக்ஸ்டெப்" அறக்கட்டளை உருவாக்கியது. காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டில் 2018ல் வந்த புதிய பாடப் புத்தகங்களில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புச் சதுரம் அச்சடித்திருந்ததைப் பார்த்திருப்பார்கள். செல்போனைக் காட்டினால் பாடப்படம் திறக்கும். அதுவும் "தீக்ஷா"வின் வேலைதான்.

பாலைவனத்துச் சிறுவன்

உலகம் முழுவதும் பள்ளிகளும் கல்லூரிகளும் பயன்படுத்தும் இன்னொரு எல்.எம்.எஸ். உண்டு. "மூடில்" என்று பெயர். அது பிறந்த கதை தீவுவாசிகளுக்குப் பிடிக்கும்.

அதை உருவாக்கியவர் மார்ட்டின் டூகியாமாஸ். ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில், பாலைவனத்து நடுவே வளர்ந்தவர். சுற்று வட்டாரத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. அவருடைய ஆரம்பப் பள்ளி ஒரு ரேடியோ பெட்டி! வானொலிப் பள்ளி என்று அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. ஆசிரியர் எங்கோ இருந்து சிற்றலை ரேடியோவில் பேசுவார். பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்தே பதில் சொல்வார்கள். பாடத்தாள்கள் விமானத்தில் வரும்.

அப்படிப் படித்தவர்தான் பிற்காலத்தில் தூரத்தில் இருப்பவர்களும் ஒன்றாகப் படிக்க ஒரு வழி தேடினார். 2002 ஆகஸ்டில் பெர்த் நகரிலிருந்து "மூடில்" வெளி வந்தது. அதையும் இலவசமாகவே கொடுத்தார்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த ரேடியோ பேசியதோடு நிற்கவில்லை. பிள்ளை சொல்வதையும் கேட்டது. தூரம் தெரியாமல் போனது அதனால்தான்.

1975ல் நடந்த அதிசயம்

ஆசிரியர்களுக்குத் தூரத்திலிருந்து பயிற்சி கொடுப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கி, "சைட்" என்ற டெலிவிஷன் திட்டத்தை இந்திய விஞ்ஞானிகள் நடத்தினார்கள். ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகப் படம் போயிற்று. கரண்டு கம்பமே அபூர்வமாக இருந்த காலம் அது.

அந்த ஒரு வருஷத்துக்குள், பள்ளி விடுமுறை நாட்களில் இரண்டு தடவை, தலா 12 நாள் பயிற்சி நடந்தது. ஆரம்பப் பள்ளிகளில் விஞ்ஞானம் கற்றுக் கொடுப்பது எப்படி என்பது பாடம். ஏறத்தாழ 48 ஆயிரம் ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். அந்தமானுக்கும் தமிழ்நாட்டுக்கும் அந்த ஆறு மாநிலங்களில் இடம் கிடைக்கவில்லை.

டெலிவிஷன் பெட்டியை மட்டும் வைத்துவிட்டு அவர்கள் போய்விடவில்லை. படத்தோடு ரேடியோ நிகழ்ச்சி இருந்தது. கையில் பிடித்துப் படிக்கப் புத்தகம் இருந்தது. செய்து பார்க்கச் சோதனைகள் இருந்தன. ஆசிரியர்கள் ஒரு அறையில் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள், முடிந்ததும் பேசினார்கள். கூடவே வழி நடத்த ஓர் ஆள் இருந்தார்.

ஐம்பது வருஷம் கழித்து, கருவி கைக்குள் அடங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் கூடி உட்காருவதும், பேசுவதும், வழி நடத்தும் ஆளும் பல இடங்களில் காணாமல் போய்விட்டன. ஆசிரியர் தனியாகப் பார்க்கிறார், தனியாகப் பரீட்சை எழுதுகிறார், தனியாக சர்டிபிகேட்டை இறக்கிக் கொள்கிறார்.

சர்டிபிகேட் வேட்டை

இதனால் ஏற்பட்ட விபரீதம் ஊரறிந்த ரகசியம். பரீட்சைக்கான விடைகள் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் உலா வந்தன. பாடத்தை ஓட விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதும், கடைசியில் விடையைப் பார்த்துத் தட்டிவிட்டு சர்டிபிகேட் எடுப்பதும் நடந்தது.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. "இத்தனை பேர் முடித்தாயிற்றா?" என்று மேலே இருந்து தினமும் கணக்குக் கேட்டால், கீழே இருப்பவர் கணக்கைத்தான் கொடுப்பார். ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நடைமுறை அத்துப்படி. பைல் நகர்ந்ததா என்று கேட்டால் பைல் நகரும். காரியம் நடந்ததா என்று கேட்டால்தான் காரியம் நடக்கும்.

பயிற்சிக்கு நேரம் எது என்பதும் ஒரு கேள்வி. பெரும்பாலும் இரவு, வீட்டு வேலை முடிந்த பிறகு. ஆசிரியைகள் அடுப்படியிலிருந்து வந்து உட்காரும் நேரம் அது. போன் சொந்தப் போன், டேட்டாவும் சொந்தக் காசு. தூக்கக் கலக்கத்தில் பார்த்த பாடம் மறுநாள் காலை வகுப்பறை வரை வருமா?

வருஷத்துக்கு 50 மணி நேரம் என்பது மலையல்ல. கட்டாயக் கல்விச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 நாள் பள்ளி நடக்க வேண்டும். கணக்குப் போட்டால், பள்ளி நாள் ஒன்றுக்கு 15 நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷத்தைப் பள்ளி நேரத்திலேயே ஒதுக்கிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தொண்ணூறில் நூறு எப்படி வந்தது?

தமிழ் வழி ஆசிரியர்களுக்கு இன்னொரு சங்கடம். "தீக்ஷா"வில் தமிழ் உள்பட முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பாடங்கள் உள்ளன. ஆனால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதியதைத் தமிழில் மாற்றிப் போட்டால் மட்டும் போதாது. ஏன் என்பதற்கு இரண்டு உதாரணங்கள்.

இந்தியில் 29, 39, 49 என்று ஒவ்வொரு எண்ணுக்கும் தனித் தனிப் பெயர். பிள்ளைகள் மனப்பாடம் செய்தே தீர வேண்டும். ஆகவே இந்தி ஆசிரியருக்கான பயிற்சி அந்தக் கஷ்டத்தைப் பற்றிப் பேசும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. இருபத்தொன்பது, முப்பத்தொன்பது என்று ஒழுங்காகப் போகும். தமிழ்ப் பிள்ளை திண்டாடுவது வேறு இடத்தில். எண்பதுக்கு அடுத்த பத்தின் பெயர் தொண்ணூறு. அதில் "நூறு" ஒலிக்கிறது. எண்ணூறுக்கு அடுத்த நூறின் பெயர் தொள்ளாயிரம். அதில் "ஆயிரம்" இருக்கிறது. காதில் விழுந்ததை எழுதும் குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்? "முன்னூற்று ஐந்து" என்று சொன்னால் 300 எழுதி, பக்கத்தில் 5 போட்டு, 3005 ஆக்கிவிடும் குழந்தைகளும் உண்டு.

இரண்டாவது, எழுத்து. இந்தியில் க, ஃக, ga என்பது போல் வரும் ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ளன. தமிழில் "கடல்", "தங்கம்", "பகல்" மூன்றிலும் இருப்பது ஒரே "க". ஒலியோ மூன்று விதம். அப்புறம் ல, ள, ழ. ந, ன, ண. "கொ" என்று எழுத முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால். இவற்றைப் பிள்ளைக்கு எப்படிப் படிப்படியாகக் கொடுப்பது என்பது தமிழ் ஆசிரியரின் பிரச்சினை. டெல்லியில் எழுதிய பாடத்தில் இதற்கு விடை இருக்காது.

விடை தமிழ்நாட்டில் இருக்கிறது. 2022 ஜூன் 13ந் தேதி தமிழ்நாடு அரசு "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைத் தொடங்கியது. கொரோனாவில் பள்ளி இல்லாமல் போன சிறு பிள்ளைகள் எட்டு வயதுக்குள் பிழையில்லாமல் படிக்கவும், கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆசிரியர்களுக்குக் கையேடுகளும் பயிற்சியும் தமிழிலேயே சிந்தித்து எழுதப்பட்டன. அந்தமான் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. திட்டத்தைச் சேர்ந்தவை என்பது உண்மைதான். தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் இங்கே ஒத்து வராது. ஆனால் தொண்ணூறைப் புரிய வைக்கும் முறைக்கு எந்தப் பாடத்திட்டமும் குறுக்கே நிற்காது. கேபிளின் ஒரு முனை சென்னையில் இருக்கிறது. மறு முனை இங்கே இருக்கிறது. நடுவில் போக வேண்டியது இந்த மாதிரி சரக்குதான்.

தமிழ்நாட்டிலும் எல்லாம் சுகம் என்று சொல்வதற்கில்லை. செயலியில் விவரங்களைப் பதிவு செய்யும் வேலை, பாடம் நடத்தும் நேரத்தைத் தின்றுவிடுகிறது என்று அங்குள்ள ஆசிரியர் சங்கங்கள் குறை கூறி வந்திருக்கின்றன. நல்லதை எடுத்துக் கொண்டு இந்தத் தொல்லையை விட்டுவிடுவது இங்கே உள்ளவர்களின் சாமர்த்தியம்.

பெயரும் போன் நம்பரும்

கண் உள்ள புத்தகக் கட்டு என்று சொன்னோம். அந்தக் கண் பார்த்ததெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்பதும் முக்கியம்.

"தீக்ஷா"வின் விவரங்கள் இருந்த ஒரு சர்வர் பூட்டுப் போடாமல் திறந்து கிடந்ததாகவும், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் விலாசம் முதலியவை அதில் இருந்ததாகவும் 2023 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகையான "வயர்டு" வெளியிட்டது. போனில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் காலத்தில் இது சாதாரண விஷயமல்ல. பயிற்சிக்கு ஒரு கடவுச்சொல், வங்கிக்கு வேறு கடவுச்சொல் என்று வைத்துக் கொள்வது நல்லது. பயிற்சி சம்பந்தமாகப் பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்பவனுக்குக் கொடுக்கவே கூடாது.

குமாஸ்தாக்களும் தப்பவில்லை

இது ஆசிரியர்களின் கதை மட்டும்தானா என்றால், இல்லை. அரசு ஊழியர்களுக்கும் இதே மாதிரி ஒரு தளம் வந்துவிட்டது. "ஐகாட் கர்மயோகி" என்று பெயர். 2020 செப்டம்பர் 2ந் தேதி மத்திய மந்திரிசபை அனுமதித்த "மிஷன் கர்மயோகி" திட்டத்தின்படி வந்தது. அதன் அடியில் ஓடுவதும் அதே தேன்சிட்டுதான். நோட்டிங் எழுதுவது முதல் பொதுமக்களிடம் பேசுவது வரை எல்லாவற்றுக்கும் பாடம் உண்டு, சர்டிபிகேட்டும் உண்டு.

ஆகவே ஆபீசில் பட்டனைத் தட்டி சர்டிபிகேட் எடுத்தவருக்கு, தன் பிள்ளையின் ஆசிரியர் எப்படி எடுத்திருப்பார் என்பது புரியும். உண்மையாகவே ஒன்றைக் கற்றுக் கொண்டு மறுநாள் வேலையில் அதைச் செய்து பார்த்தவருக்கு, அதன் அருமையும் புரியும்.

செய்ய வேண்டியது என்ன?

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கேபிள் இருக்கிறது. தளம் இருக்கிறது. கராச்சர்மாவில் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

பாடத்தை ஆசிரியர் போனில் பார்க்கட்டும். பார்த்ததை வகுப்பில் செய்து பார்க்கட்டும். பிறகு மாதம் ஒரு நாள், தமிழ் வழியில் ஒரே வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் கூடிப் பேசட்டும். புரோத்ராபூர் சுற்று வட்டாரத்தில் இருப்பவர்கள் நேரில் வரலாம். ரங்கத்தில், லிட்டில் அந்தமானில் இருப்பவர்கள் போன் திரையில் வரலாம். "இந்த முறை என் வகுப்பில் பலித்தது, அது பலிக்கவில்லை" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்க வேண்டும். நடத்திச் செல்ல அனுபவம் உள்ள ஓர் ஆசிரியர் வேண்டும். 1975ல் டெலிவிஷன் பெட்டி முன்னால் இதைத்தான் செய்தார்கள்.

பெற்றோர்களுக்கும் இதில் வேலை உண்டு. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கொத்தனார் வேலை செய்பவரும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் அதில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். சட்டம் கொடுத்த உரிமை அது.

என்ன கேட்பது? "எத்தனை சர்டிபிகேட்?" என்று கேட்க வேண்டாம். "இந்த வருஷம் எந்தப் பாடத்தில் பயிற்சி எடுத்தீர்கள்? தமிழில் கிடைத்ததா? அதற்குப் பள்ளி நேரத்தில் அவகாசம் கொடுத்தார்களா? எங்கள் பிள்ளை வகுப்பில் அதனால் எதை மாற்றினீர்கள்?" இந்த நான்கும் போதும். அவகாசம் கொடுக்கவில்லை, தமிழில் கிடைக்கவில்லை என்று ஆசிரியர் சொன்னால், பெற்றோர்கள் ஆசிரியர் பக்கம் நின்று கல்வி இலாகாவுக்கு எழுத வேண்டும்.

இது அந்தமானுக்கு மட்டும் உரிய விஷயமல்ல. தாராவியில் மும்பை மாநகராட்சி நடத்தும் தமிழ்ப் பள்ளிகளுக்கும், தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழில் பாடம் நடக்கும் மற்ற இடங்களுக்கும் பொருந்தும். ஊரை விட்டு வந்த இடத்தில் தமிழ் வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும் ஆசிரியர் தனி ஆளாக நிற்கிறார். அவருக்குத் துணை கிடைத்தால், அந்த வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கத் தயங்கும் பெற்றோர்களின் தயக்கமும் குறையும்.